கிட்னி வித்தவங்களுக்கு யார் ஃபாலோ அப் பார்க்கறது?

நீளமான பதிவு. டீ போட்டு எடுத்துட்டு வந்து உட்காருங்க. சேலம், நாமக்கல், ஈரோடு பக்கம் இருக்கறவங்க கடைசி வரைக்கும் படிச்சிடுங்க. கடைசியில உங்களுக்கோ உங்க பக்கத்து வீட்டுக்காரங்களுக்கோ தேவைப்படற விஷயம் இருக்கு.

2025 ஜூலையில பள்ளிபாளையம் கிட்னி விவகாரம் வெளிய வந்தது ஞாபகம் இருக்கும். விசைத்தறித் தொழிலாளர்கள், அதுலயும் நிறைய பெண்கள், கடனுக்காக புரோக்கர் மூலமா கிட்னியை வித்திருக்காங்கன்னு செய்தி. அரசு விசாரணைக் குழு போட்டாங்க. இரண்டு தனியார் மருத்துவமனைகளோட உறுப்பு மாற்று உரிமத்தை நிறுத்தி வச்சாங்க. ஆகஸ்ட்ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக் குழு அமைக்கச் சொன்னது. டிவியில ரெண்டு வாரம் ஓடுச்சு. அப்புறம் வேற செய்தி வந்துடுச்சு.

அந்த ரெண்டு வாரமும் கமெண்ட்ல மக்கள் எழுதினதை உட்கார்ந்து படிச்சேன். "பேராசை." "குடிச்சே அழிச்சிருப்பானுங்க." "அவங்களே சம்மதிச்சு கையெழுத்துப் போட்டுட்டு இப்ப ஏன் அழுகை?" புரோக்கரைத் திட்டினாங்க, ஆஸ்பத்திரியைத் திட்டினாங்க, எல்லாம் சரி. ஆனா கிட்னி கொடுத்தவங்க இப்ப எப்படி இருக்காங்க, அவங்களை மாசாமாசம் யார் பார்க்கறாங்கன்னு ஒருத்தர்கூட கேட்கலை.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இதை உறுப்பு வியாபாரக் கேஸா மட்டும் பார்த்தா பாதிதான் தெரியும். இது கொத்தடிமை முறையோட மருத்துவ முகம். கிட்னி வித்தவங்களை மீட்கப்பட்ட கொத்தடிமைகளா நடத்தி, அவங்களுக்கான முழு மறுவாழ்வையும் கொடுக்கணும். அந்த மறுவாழ்வு ஒரு செக்கோட முடியாம, ரெண்டு மூணு வருஷ ஃபாலோ அப்பா இருக்கணும்.

"கொத்தடிமையா? அது செங்கல் சூளையிலயும் அரிசி ஆலையிலயும்தானே?" அப்படின்னு கேட்பீங்க. எங்க பக்கம் அந்த வார்த்தையை யாரும் சொல்ல மாட்டாங்க. இங்க அதுக்குப் பேரு பாக்கி.

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். தறிப்பட்டறைக்கு வேலைக்குச் சேரும்போது ஓனர்கிட்ட ஒரு அட்வான்ஸ் வாங்குவாங்க. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவுன்னு அது மேல மேல ஏறும். அந்தக் கணக்குதான் பாக்கி. பாக்கி இருக்கற வரைக்கும் அந்தப் பட்டறையை விட்டுப் போக முடியாது. போகணும்னா வேற ஓனர் அந்தப் பாக்கியை அடைச்சு உங்களை எடுத்துக்கணும். அப்ப நீங்க புது ஓனருக்குப் பாக்கி. புருஷன், பொண்டாட்டி ரெண்டு பேரும் அதே பட்டறை, 12 மணி நேர ஷிப்ட், சில இடத்துல வீடும் ஓனர் கொடுத்த லைன் வீடு.

இது புதுசும் இல்லை. 1990கள்ல குமாரபாளையத்துல ஆய்வு செஞ்ச கியர்ட் டி நெவ் என்ற மானுடவியலாளர் 1999ல ஒரு கட்டுரை வெளியிட்டார். அதோட ஆங்கிலத் தலைப்புலயே 'பாக்கி'ங்கற நம்ம வார்த்தை அப்படியே இருக்கு. பாக்கி ஆளைக் கட்டியும் போடுது, அதே பாக்கியைக் கேட்டு வாங்கறதுலயும் பட்டறை மாறறதுலயும் தொழிலாளி ஓனர்கிட்ட கொஞ்சம் மல்லுக்கும் நிக்கறார், ரெண்டும் கலந்ததுன்னு எழுதறார். நியாயமான பார்வைதான். ஆனா ஒரு டாக்டரா நான் அதோட ஒண்ணு சேர்த்துக்குவேன். அந்த மல்லுக்கட்டு உடம்புல தெம்பு இருக்கற வரைக்கும்தான். 25 வயசுல உங்க பாக்கியை அடைச்சு எடுத்துக்க நாலு ஓனர் வருவாங்க. 45 வயசுல, முட்டி வலி, காது மந்தம், நெஞ்சு இழுப்போட நிக்கும்போது உங்க பாக்கியை எவரும் எடுத்துக்க மாட்டாங்க. கிட்னி புரோக்கர் வந்து கதவைத் தட்டறது அந்த வயசுலதான்.

நான் சட்டம் படிச்சவன் இல்லை. ஆனா 1976 கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தை ஒரு நாள் உட்கார்ந்து படிச்சேன். சங்கிலி, பூட்டுன்னு எதுவும் அதுல கேட்கலை. முன்பணம் வாங்கினதுக்காக, வேற வேலைக்குப் போற சுதந்திரமோ, வெளிய போய் வர சுதந்திரமோ, சட்டப்படியான கூலியோ பறிபோனா அது கொத்தடிமை முறை. அவ்வளவுதான். 1982ல ஏசியாட் தொழிலாளர் வழக்குல உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்குக் கீழ வேலை வாங்கறதே கட்டாய உழைப்புன்னு சொல்லிடுச்சு. கொத்தடிமைக் கடன்னு தெரிஞ்சா அந்தக் கடனே செல்லாது, திருப்பிக் கட்ட வேண்டியதே இல்லைன்னு அதே 1976 சட்டத்தோட 6-வது பிரிவு சொல்லுது. அது கொத்தடிமைக் கடன் இல்லைன்னு நிரூபிக்க வேண்டிய பொறுப்பும் கடன் கொடுத்தவருக்குத்தான், 15-வது பிரிவு.

பிப்ரவரி 9 ஆனா எல்லா அரசு அலுவலகத்துலயும் கொத்தடிமை முறை ஒழிப்பு உறுதிமொழி எடுப்போம். வரிசையா நின்னு வாசிச்சுட்டு ஓபிக்குப் போவோம். அங்க வரிசையில பாக்கிக்காரங்க உட்கார்ந்திருப்பாங்க.

ஒரு நோயாளியைப் பத்திச் சொல்றேன். அடையாளம் தெரியாம இருக்க விவரங்களை மாத்தியிருக்கேன். நாற்பது வயசைத் தாண்டின அம்மா. முட்டி வலின்னு வந்தாங்க. கால் ரெண்டும் வீக்கம், பிபி பார்த்தா 170/110. வலிக்கு என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேட்டா, மெடிக்கல்ல "தறி வலிக்கு"ன்னு கேட்டு வாங்கறதாம், தினம் ரெண்டு, பல வருஷமா. ஸ்கேன் எடுத்தா ஒரு பக்கம் கிட்னி இல்லை. விலாவுல தழும்பு. "கல்லு ஆபரேசனுங்க சார்"னாங்க. நான் ஒண்ணும் பேசலை. கூட இருந்த சிஸ்டர் மெதுவா கையைப் பிடிச்சு, "எந்த வருசம்ங்க அக்கா?"ன்னு கேட்டதும் அழுதுட்டாங்க.

கேட்ட தொகையில பாதிகூட கைக்கு வரலை. வந்ததுல பழைய பாக்கி அடைஞ்சுது. ஆபரேஷனுக்கு அப்புறம் ரெண்டு மாசம் தறி ஓட்ட முடியலை. அந்த ரெண்டு மாசச் சாப்பாட்டுக்கு, அதே ஓனர்கிட்ட புதுப் பாக்கி.

"நீங்க ரெஸ்ட் எடுக்கணும், இந்த வேலையை விட்டுடணும்"னு நான் சொன்னேன். புத்தகத்துல இருக்கற வாக்கியம். அந்த அம்மா என்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணு. "வேலையை எல்லாம் உட முடியாதுங்க சார். நைட் சிப்ட் மட்டும் வேண்டாம்னு ஒரு சீட்டுல எழுதிக் குடுத்தீங்கன்னா கேட்டுப் பாப்பேனுங்க."

டாக்டர் ரெஸ்ட் எடுக்கச் சொல்லியும் எடுக்க முடியாத நிலைமை ஏழைங்க எல்லாருக்கும் உண்டுதான். ஆனா வேலையை விடவே முடியாது, வேற வேலைக்கும் போக முடியாதுங்கறது வறுமையைத் தாண்டின ஒண்ணு. இப்ப நான் ஓபியில சந்தேகம் வந்தா மூணு கேள்வி கேட்கறேன். வேற பட்டறைக்குப் போகணும்னா போக முடியுமா? ரெண்டு நாள் லீவு போட்டா என்ன ஆகும்? ஆதார், ரேஷன் கார்டு, ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்கு? இந்தப் பதிவைப் படிக்கற டாக்டர் நண்பர்கள் முயற்சி பண்ணிப் பாருங்க. ஒரு நிமிஷம்கூட ஆகாது. பதில் சில சமயம் தூக்கிவாரிப் போடும்.

சரி, மொத்தமா ஒரு தொகை கையில வந்தா பாக்கி தீர்ந்து ஆள் வெளிய வந்துட மாட்டாரா? கிட்னி வித்தவங்க எல்லாரும் நினைச்சது அதைத்தான். நடந்தது என்னன்னு நம்ம தமிழ்நாட்டுலயே ஆய்வு இருக்கு. 2001ல சென்னையில கிட்னி வித்த 305 பேரைச் சந்திச்சு எடுத்தது, 2002ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட இதழ்ல வந்தது. (வில்லிவாக்கத்துக்கு ஒரு காலத்துல என்ன பட்டப் பேரு இருந்ததுன்னு பழைய சென்னைக்காரங்களைக் கேளுங்க.) 96 சதவீதம் பேர் கடன் அடைக்கத்தான் வித்தாங்க. வித்து சராசரியா ஆறு வருஷம் கழிச்சுப் பார்த்தா 74 சதவீதம் பேர் இன்னும் கடன்லதான் இருந்தாங்க. குடும்ப வருமானம் சராசரியா மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருந்தது. 86 சதவீதம் பேர் உடம்பு முன்ன மாதிரி இல்லைன்னு சொன்னாங்க. வேற யாராவது விக்கப் போனா போகச் சொல்வீங்களான்னு கேட்டதுக்கு 79 சதவீதம் பேர் வேண்டாம்னு சொன்னாங்க.

இந்த ஆய்வை நான் கிட்னி பத்தின ஆய்வா மட்டும் படிக்கலை. கடன் உருவாகற காரணத்தைத் தொடாம ஒரே ஒரு தொகையைக் கையில கொடுத்தா என்ன ஆகும்ங்கறதுக்கான ஆய்வாவும் படிக்கறேன். உடம்பு பலவீனம், கூலி குறைவு, அடுத்த ஆஸ்பத்திரிச் செலவு, மறுபடியும் கடன்.

அரசு மறுவாழ்வுத் திட்டத்துலயும் அதே ஓட்டைதான் இருக்கு. மத்திய அரசுத் திட்டப்படி மீட்கப்பட்ட உடனே 30,000 ரூபாய் வரைக்கும் உடனடி உதவி. அப்புறம் ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம், கடத்தல், பாலியல் சுரண்டல் மாதிரி கொடுமைக்கு ஆளானவங்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் 3 லட்சம். தொகை மோசமில்லை. ஆனா முழுத் தொகையையும் குற்றவாளிக்குத் தண்டனை கிடைக்கறதோட முடிச்சுப் போட்டு வச்சிருக்காங்க. நம்ம ஊர்ல கேஸ் முடிய எத்தனை வருஷம் ஆகும்னு உங்களுக்கே தெரியும். அதுவரைக்கும் அந்தக் குடும்பம் எதைச் சாப்பிடும்? பழைய ஓனர்கிட்டயே போய் நிக்கும். "விடுவிச்சா மட்டும் போதாது, மறுவாழ்வு கொடுக்கலைன்னா வறுமையே அவங்களை மறுபடி அடிமைத்தனத்துல தள்ளிடும்" அப்படிங்கற அர்த்தத்துல உச்ச நீதிமன்றம் நீரஜா சௌத்ரி வழக்குல சொல்லிட்டுது. சொன்ன வருஷம் 1984. நான் அப்ப பிறக்கவே இல்லை.

கிட்னி வித்தவங்க நிலைமை இன்னும் மோசம். அவங்களுக்கு இந்தத் தொகைகூட இல்லை, ஏன்னா அவங்களைக் கொத்தடிமைன்னு யாரும் விசாரிக்கவே இல்லை. அது மட்டும் இல்லை. 1994 உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்புக்காகப் பணம் கொடுக்கறதும் குற்றம், வாங்கறதும் குற்றம். 5லேர்ந்து 10 வருஷம் ஜெயில், 20 லட்சத்துலேர்ந்து 1 கோடி வரைக்கும் அபராதம். புரோக்கருக்கும் அதே பிரிவு, தறி ஓட்டற அம்மாவுக்கும் அதே பிரிவு. அதனாலதான் "கல்லு ஆபரேசனுங்க". நம்ம சட்டமே அவங்களை அரசு ஆஸ்பத்திரி வாசல்லயே தடுத்து நிறுத்துது.

இன்னொரு பக்கம், ஆள் கடத்தல் சட்டத்துல (முன்ன ஐபிசி 370, இப்ப பிஎன்எஸ் 143) கட்டாயமா உறுப்பை எடுக்கறதையும் சுரண்டல்னு சேர்த்திருக்காங்க. அங்க பாதிக்கப்பட்டவரோட சம்மதத்தைக் கணக்குல எடுக்கக்கூடாதுன்னே எழுதியிருக்கு. இதைத்தான் "அவங்களே சம்மதிச்சாங்களே"ன்னு கமெண்ட் போட்டவங்க தெரிஞ்சுக்கணும். கழுத்து வரைக்கும் கடன், வீட்டு வாசல்ல ஆள் நிக்கறான், அப்ப போடற கையெழுத்துக்குப் பேரு சம்மதமா? சாதாரண குடல்வால் ஆபரேஷனுக்குக்கூட, நோயாளி பயத்துலயோ கட்டாயத்துலயோ கையெழுத்துப் போட்டா அது செல்லாதுன்னு எங்களுக்கு ரெண்டாம் வருஷத்துலயே சொல்லிக் கொடுத்துடுவாங்க.

இப்ப உடம்பு விஷயத்துக்கு வரேன். இது என் ஏரியா.

ஒரு கிட்னியோட ஆரோக்கியமா வாழலாம். உண்மை. பிள்ளைக்குக் கிட்னி கொடுத்த அம்மாக்கள் முப்பது வருஷம் நல்லா இருக்காங்க. ஆனா அவங்களுக்கு ஆபரேஷனுக்கு முன்னாடி முழுப் பரிசோதனை, பின்னாடி ஓய்வு, வருஷா வருஷம் செக்கப் எல்லாம் உண்டு. பட்டறைக்குத் திரும்பினவங்களுக்கு என்ன உண்டு? 12 மணி நேரம் நிக்கணும். பட்டறை வெக்கையில வேர்வையா ஊத்தும், ஆனா தறியை விட்டு நகர முடியாதுன்னு தண்ணி குடிக்க மாட்டாங்க, சிறுநீரை அடக்குவாங்க. மேல வலி மாத்திரை. ஒத்தக் கிட்னி, தண்ணி கம்மி, டைக்ளோஃபினாக் தினமும், இந்த மூணும் சேர்ந்தா என்ன ஆகும்னு மெடிக்கல் ஸ்டூடண்ட்டே சொல்லிடுவான். பிபி சத்தம் இல்லாம ஏறும். பத்து வருஷம் கழிச்சு அவங்களே டயாலிசிஸ் படுக்கைக்கு வரலாம். அப்ப அவங்களுக்குக் கிட்னி வாங்கித் தர எந்தப் புரோக்கரும் வர மாட்டான்.

கிட்னி கொடுத்த பெண்களுக்கு அடுத்த பிரசவத்துல பிபி ஏறற ஆபத்து மத்தவங்களைவிட அதிகம். இதைச் சொல்லாம மறைச்சா, பிரசவம் பார்க்கற டாக்டருக்கு எதுவுமே தெரியாமப் போயிடும்.

மனசைப் பத்தி ஒரு வரியில முடிக்க முடியாது. தூக்கமில்லை, தழும்பைப் புருஷனே பார்க்க விடறதில்லை, பிள்ளைகளுக்குத் தெரிஞ்சிடுமோன்னு பயம். செய்தி வந்தப்புறம் தெருவுல ஆளுங்க பார்க்கற பார்வை வேற. சூளையிலேர்ந்து மீட்கப்பட்டவங்ககிட்டயும் இதைப் பார்த்திருக்கேன். உட்காருங்கன்னு நாற்காலியைக் காட்டினா உட்கார மாட்டாங்க, தரையைத்தான் தேடுவாங்க. யாராவது சத்தமா பேசினா கை நடுங்கும். மூணு வருஷத் திட்டம்னு பஞ்சாலை ஹாஸ்டல்ல அடைபட்டுக் கிடந்து வந்த பொண்ணுங்க (சுமங்கலித் திட்டம்னு உங்களுக்கு ஞாபகம் வரும்) கல்யாணமாகிப் பல வருஷம் கழிச்சும் சைரன் சத்தத்துக்கு எழுந்து உட்காருவாங்க. இதுக்கெல்லாம் சத்து டானிக் எழுதிக் கொடுத்து அனுப்பறதுல அர்த்தமே இல்லை.

அப்ப என்ன செய்யலாம்? புதுசா எதுவும் கண்டுபிடிக்க வேண்டாம். நம்மகிட்ட இருக்கறதையே சேர்த்துக் கட்டினா போதும்.

2021 ஆகஸ்ட்ல நம்ம பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்துலதான் மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சாங்க. வீடு வீடா போய் பிபி, சுகர் மாத்திரை கொடுக்கற தன்னார்வலர் அம்மாக்கள் எல்லா ஊர்லயும் இருக்காங்க. வீட்டுலயே டயாலிசிஸ் பண்றவங்களுக்குப் பை கொண்டுபோய்க் கொடுக்கறதும் அந்தத் திட்டம்தான். அந்த லிஸ்ட்லயே மீட்கப்பட்ட கொத்தடிமைக் குடும்பங்களையும் ஒத்தக் கிட்னிக்காரங்களையும் சேருங்க. லிஸ்ட்ல "கிட்னி வித்தவர்"னு எழுத வேண்டியதில்லை, "பிபி ஃபாலோ அப்"னு எழுதினா போதும். மூணு மாசத்துக்கு ஒருமுறை பிபி, வருஷத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், யூரின்ல புரதம். இதுக்கு ஆகற செலவு டயாலிசிஸ் செலவுல தூசு.

மாவட்ட மனநலத் திட்டத்தோட சைக்யாட்ரிஸ்ட், கவுன்சிலர் மாசத்துல ஒரு நாள் பள்ளிபாளையம், குமாரபாளையம் ஆஸ்பத்திரியில இதுக்குன்னே உட்காரணும். ஷிப்ட் மாறற நேரமா பார்த்து உட்காரணும். காலை ஓபி நேரத்துல அவங்க தறியில நிப்பாங்க, வர முடியாது.

சிகிச்சைக்காகச் சொன்ன விஷயத்தை வச்சு, கிட்னி கொடுத்தவர் மேலயே கேஸ் வராதுன்னு அரசு தெளிவா ஒரு உத்தரவு போடணும். இது இல்லாம மத்தது எதுவும் நடக்காது. விசாரணைக்கும் இதுதான் நல்லது. பயம் போனாத்தான் சாட்சி பேசும்.

அடுத்தது கோட்டாட்சியர் விசாரணை. கிட்னி வித்த ஒவ்வொருத்தருக்கும் பாக்கி இருந்ததா, யார்கிட்ட, வேலையை விட முடிஞ்சதா, கூலி எவ்வளவுன்னு விசாரிச்சு, கொத்தடிமைன்னு தெரிஞ்சா விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்கணும். அந்த ஒரு தாள்தான் சட்டப்படி கடனைத் துடைக்குது, உதவித் தொகைக்கும் வழி திறக்குது. கந்துவட்டியா இருந்தா அதுக்கு 2003லேர்ந்தே தனிச் சட்டம் இருக்கு.

அதுக்கப்புறம் வேலை. திருவண்ணாமலை மாவட்டம் மீசநல்லூர்ல இருளர் குடும்பங்களுக்கு மாவட்ட நிர்வாகம் வீடு கட்டிக் கொடுத்தப்ப, வெறும் சுவரா கொடுக்காம மாடு வளர்ப்பு, செங்கல் சூளைன்னு பிழைப்பையும் சேர்த்தே கொடுத்தாங்க. திருவள்ளூர்ல கொத்தடிமையிலேர்ந்து மீண்டவங்களே 'சிறகுகள்'னு சொந்தச் சூளை நடத்தறாங்க. தெரிஞ்ச தொழில், ஆனா முதலாளி அவங்களே. தறியிலயும் இதைச் செய்யலாம். மீண்ட குடும்பங்கள் கூட்டுறவா நாலு தறி போட்டு, அரசு இலவச வேட்டி சேலை ஆர்டர்ல ஒரு பங்கை அவங்களுக்கு ஒதுக்கினா, அட்வான்ஸ் கேட்டு எவர்கிட்டயும் நிக்க வேண்டாம்.

தறி ஓனர் நண்பர்கள் இதைப் படிச்சா கோபம் வரும்னு தெரியும். எட்டுத் தறி வச்சிருக்கறவரும் கூலிக்குத்தான் ஓட்டறார், அவருக்கும் நூல் கொடுக்கறவர்கிட்டயும் பேங்க்லயும் கடன். "பாக்கி குடுக்காட்டி ஆளே வரமாட்டேங்கறாங்க, குடுத்துட்டு ஓடிப் போனா எங்க கதி என்னங்க?"ன்னு எங்கிட்டயே கேட்டிருக்காங்க. கேள்வி நியாயம்தான். அதுக்குப் பதில் கூலியை ஏத்தறதும், பிஎஃப், இஎஸ்ஐ கட்டறதும். இஎஸ்ஐ இருந்தா ஆஸ்பத்திரிச் செலவுக்கு உங்ககிட்ட வந்து நிக்க மாட்டாங்க. ஆளைப் பிடிச்சு வைக்க கடனைக் கயிறா பயன்படுத்தறதுக்கு உங்க கஷ்டம் காரணமா ஆகாது. சட்டமும் அதை ஏத்துக்காது.

இனி, கிட்னி கொடுத்தவங்க யாராவது இதைப் படிச்சா, அல்லது உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருந்தா:

மெடிக்கல்ல கேட்டு வாங்கற வலி மாத்திரையை இன்னிக்கே நிறுத்துங்க. எந்த டாக்டர்கிட்டப் போனாலும் "எனக்கு ஒரு கிட்னிதான்"னு மட்டும் சொல்லுங்க. ஏன், எப்படின்னு சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த ஒரு வார்த்தை மாத்திரையோட அளவையே மாத்தும். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல பிபி, யூரின், கிரியாட்டினின் பார்த்துக்கோங்க, இலவசம். கால் வீக்கம், முகத்துல வீக்கம், யூரின் நுரைச்சுப் போறது இருந்தா தள்ளிப் போடாதீங்க. உண்டாகியிருந்தா முதல் செக்கப்லயே சொல்லிடுங்க.

மனசு தாங்கலைன்னா 14416 (டெலி மானஸ்) அல்லது 104, எந்த நேரமும் கூப்பிடலாம். வக்கீல் வைக்கக் காசில்லைன்னா 15100, சட்டப் பணிகள் ஆணைக்குழு, இலவசம்.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு கொடுக்கறதா இருந்தா ஒரு விஷயம். "கடன் தள்ளுபடி செய்து உதவுங்கள்"னு எழுதாதீங்க, அது பத்தோட பதினொண்ணா போயிடும். "என்னைக் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-ன் கீழ் விசாரித்து விடுவிப்புச் சான்றிதழ் வழங்க வேண்டும்"னு எழுதுங்க. எந்தப் பட்டறை, எந்த வருஷம், எவ்வளவு பாக்கி, வாரக் கூலி எவ்வளவு, வேலையை விடறேன்னு சொன்னப்ப என்ன சொன்னாங்க, இவ்வளவும் இருக்கட்டும். மனு ரசீதை வாங்காம வராதீங்க. எழுதத் தெரியலைன்னா இந்தப் பதிவை மனு எழுதறவர்கிட்ட காட்டுங்க.